பக்கத்தில வெச்சிப் பாப்பம்

மீன் வாங்கப் போகும்போது கையில் ஒரு மீனோடு போகிற மனுஷி என்று நான் ஒரேயொருவரைத்தான் பார்த்திருக்கிறேன். காலையில் சைக்கிளில் வரும் வியாபாரியிடம் வாசலில் வைத்து ஒரு விளைமீன் வாங்குவார். அதைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடப்பார். தோணியில் இருந்து அப்போதுதான் இறக்கிய மீனுக்குப் பக்கத்தில் தன் மீனை வைத்துக் கண்ணைப் பார்ப்பார், செவுளை விரித்துப் பார்ப்பார், இரண்டையும் மாறி மாறி மணந்து பார்ப்பார்.

"ராத்தா, நீங்க மீன் வாங்க வந்தீங்களா, மாப்பிள பாக்க வந்தீங்களா?" என்று மீன்காரர் தலையில் கை வைப்பார்.

"மாப்பிளயெண்டா இவ்வளவு நேரம் எடுப்பனா தம்பி? இத அதுக்குப் பக்கத்தில வெச்சிப் பாப்பம், கொஞ்சம் தள்ளு."

கடைசியில் இரண்டு மீனும் வீட்டுக்கு வந்துவிடும். அதில் ஒன்று பெரும்பாலும் எங்கள் வீட்டுக்கு வரும், எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு சுவர்தான். சாய்ந்தமருதில், கடலுக்குப் போகிற ஒழுங்கையில், கதவு திறந்தால் கதவு. கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அவர் ராத்தாதான். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருடைய மூன்று மகள்மாரும் வந்து நிற்பார்கள். உம்மாவைப் பற்றி இப்படியா எழுதுவது என்று ஒருத்தி அழுவாள், இவ்வளவுதானா எழுதினாய் என்று இன்னொருத்தி ஏசுவாள். மூன்றாமவள் தாயைப் போல, இரண்டு பேர் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

நான் நேர்மாறு. எடுத்த எடுப்பில் முடிக்கிறவள். முதல் கடையில் முதலில் விரித்த சாரியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளையையே முடித்தேன். அந்த மனிதரும் இதுவரை பெரிதாகக் குறை சொல்லும்படி இல்லை. இதை ராத்தாவிடம் சொன்னால், "நல்லம் எண்டு எப்பிடித் தெரியும்? ஒண்ட மட்டும்தானே பாத்தாய்?" என்று கேட்பார். என் மனிதர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்பார்.

ராத்தாவின் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற கருவி மூன்று இருந்தது. முதலாவது சரியா என்று பார்க்க இரண்டாவது வாங்கினார். இரண்டும் வேறு வேறு கணக்குச் சொன்னதால் பஞ்சாயத்துக்கு மூன்றாவது வாங்கினார். அது புதிதாக ஒரு கணக்குச் சொன்னது. அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இறக்காமத்தில் இருந்து எருமைத் தயிர் கொண்டுவருகிற மனிதர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் ஒரு சட்டியை மட்டும் இறக்க மாட்டார். இரண்டு சட்டியை இறக்கி, இரண்டு கரண்டியையும் தானே எடுத்து நீட்டிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது செய்த வேலையை ஊரே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. இரண்டு இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. இரண்டு வீட்டாரையும் ஒரே நாள் அசர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டார். ஒரு வான் வந்து நிற்க, பின்னால் இன்னொரு வான். இரண்டு வீட்டுப் பொண்டுகளும் ராத்தாவின் வீட்டு முன்மண்டபத்தில், ஒரே தட்டு வட்டிலப்பத்துக்கு முன்னால், ஆளை ஆள் பார்த்துக்கொண்டு! எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாமா என்று இருந்தது. ஒரு வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார்கள். மற்ற வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிச்சவங்களுக்குத்தான் குடுத்தன்" என்று ராத்தா பிறகு சொன்னார். "நம்மட ஊர்ல மாப்பிள பொண்ணுட ஊட்ட வந்துதானே இரிக்கிற? நாந்தானே காலம் முழுக்க அந்த மொகத்தப் பாக்கணும்?"

அந்த மருமகன் இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் சாச்சி, உம்மாவின் தங்கை, மார்பகப் புற்றுநோயில் மவுத்தானார். நாற்பத்தாறு வயது. கட்டி கையில் தட்டுப்பட்டும் வெட்கத்தில் ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது எல்லாம் கைமீறிவிட்டது. கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டியவள் நான். அதனால் எனக்கு நாற்பது தாண்டிய நாளிலிருந்து உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. பாண்டிருப்பில் இருந்து ஸ்கூட்டரில் வருகிற மிட்வைஃப் மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் சொல்வார், "உங்கட சாச்சிக்கு வந்திருக்கு. ஒருக்காப் போய் மமோகிராம் எடுங்க." நான் ஓம் ஓம் என்பேன். எல்லாவற்றையும் எடுத்த எடுப்பில் முடிக்கிற நான் இதை மட்டும் மூன்று வருடம் இழுத்தேன். பயம், வேறொன்றுமில்லை. பார்த்தால்தானே இருப்பது தெரியும், பார்க்காவிட்டால் இல்லை என்கிற மடத்தனம்.

ஒருநாள் மிஸ்ஸி இதை ராத்தாவின் காதில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். மறுநாளே மிஸ்ஸியை என் வீட்டு மண்டபத்தில் இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்து, ராத்தா விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தின வகை இரிக்கி, அதச் செல்லுங்க முதல்ல."

மிஸ்ஸி பொறுமைசாலி. கையால் பார்ப்பது ஒன்று, அது கிளினிக்கிலேயே செய்கிறோம், ஆனால் கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும் என்றார். மமோகிராம் என்பது எக்ஸ்ரே, இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் படம் எடுப்பார்கள், கைக்குப் படாத சின்னச் சுண்ணாம்புப் பொட்டைக்கூடக் காட்டும். ஒரு நோய் வருத்தமும் இல்லாதவர்கள் சும்மா சோதிப்பதென்றால் முதலில் செய்வது அதுதான். ஆனால் சிலருக்கு உள்தசை நெருக்கமாக இருக்கும், படம் முழுக்க வெள்ளையாக வரும், கட்டியும் வெள்ளை, அதனால் மறைந்துவிடலாம். அப்படியானவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்வார்கள். அது கட்டிக்குள் தண்ணீரா தசையா என்று சொல்லும், ஆனால் அந்தச் சின்னப் பொட்டுகளைக் கோட்டை விட்டுவிடும்.

"அப்ப எல்லாத்தையும் காட்டுற ஒண்டு இல்லயா?"

"எம்.ஆர்.ஐ. இருக்கு ராத்தா. கனக்கக் காட்டும். நெருங்கின சொந்தத்தில பலபேருக்கு இருந்தா டொக்டர்மார் அதையும் செய்யச் சொல்லுவாங்க. ஆனா எல்லா இடத்திலயும் இல்ல. ஊசி போட்டு, குழாய் மாதிரி ஒண்டுக்குள்ள படுக்க வைப்பாங்க. ஒண்டுமில்லாததையும் சிலநேரம் காட்டிப் பயப்படுத்திப்போடும்."

ராத்தா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு ஒழுங்கைக்கே கேட்கிற குரலில் தீர்ப்பைச் சுருக்கினார்:

"அப்ப அமுக்கிற மெசின், தடவுற மெசின், குகை மெசின். மூணுல எது?"

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் மனிதர், செருப்பைக்கூட மாட்டாமல் திரும்பி ஓடினார். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது.

எனக்கு அப்போது ஒரு கள்ளப் புத்தி வந்தது. ஒப்பிடுகிற வேலையை இந்த மனுஷியிடமே விட்டுவிட்டால், இது ஆயுசுக்கும் முடியாது! அதனால் ஒவ்வொரு நாளும் தூபம் போட்டேன். "ராத்தா, மட்டக்களப்புல விசாரிச்சீங்களா? கொழும்புல எப்பிடியாம்? அவசரமில்ல, நல்லா ஒப்பிட்டுப் பாருங்க." அவரும் மகள்மாரைக் கொண்டு போன் எடுத்து விசாரித்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் சந்தோசமாகக் கழிந்தது.

ஒரு காலை மீன் பையோடு நேரே என் குசினிக்குள் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏன்டி, நீ என்ட பழக்கத்துக்குப் பின்னால ஒளிச்சிக்கிட்டா இரிக்காய்?"

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் பொடியாக வெட்டினேன்.

"நான் மீன ஒப்பிடுறது வாங்கிறதுக்குத்தான் புள்ள. ஒருநாளைக்காவது வெறுங்கையோட வந்திரிக்கனா? செல்லு பாப்பம். சாச்சியக் குளிப்பாட்டின கைதானே இது? எனக்கு உன்னக் குளிப்பாட்ட ஏலா. செல்லிட்டன்."

நான் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. முதலில் அமுக்கிற மெசின், டொக்டர் சொன்னால் தடவுற மெசின், குகை தேவைப்பட்டால் பிறகு யோசிப்போம் என்று அன்றைக்கே முடிவானது. ஆனால் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போகிறவரா அவர்? "ஒராள்ட படத்த மட்டும் வெச்சிக்கிட்டு என்னத்த ஒப்பிடுற?" என்று ஒழுங்கையில் நாற்பது தாண்டிய ஐந்து பேரைப் பிடித்தார். எங்களோடு ஏழு. ஒரு வான். ஏழு பேருக்கும் ஆஸ்பத்திரித் துண்டு வந்ததும் அவற்றைப் பாயில் வரிசையாக வைத்து, திகதி சரியா, நேரம் சரியா, ஏழும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். முன்பக்கம் ஏழும் அச்சொட்டாக ஒன்று. அல்ஹம்துலில்லாஹ் என்று அடுக்கி வைத்தார். பின்பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை.

புறப்பட்ட காலையைக் கேட்க வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போவது போலத்தான். எல்லோரும் குளித்து, புது அபாயா போட்டு, புரியாணிப் பார்சலும் பாயும் ஏற்றி, தஸ்பீஹ் ஓதிக்கொண்டு வான் ஏறினோம். ஏறுவதற்கு முன் ராத்தா ஒரு பெரிய பவுடர் டின்னோடு வாசலில் நின்றார். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்.

"வேத்து மனிசி கை படப்போற இடம். வேர்வ மணத்தோட போய் நம்மட ஊர்ர மானத்த வாங்காதீங்க. கைய உசத்து. மற்றக் கைய உசத்து. கீழயும் போடு, வெட்கப்படாத."

டின் பாதியாகிவிட்டது. வானுக்குள் ஏழு பேரும் மல்லிகைப் பந்தல் போல மணத்தோம். சாரதி யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறவர் ஒரு இளம் பிள்ளை, மிகவும் மரியாதையானவள். "துண்டில உள்ளதெல்லாம் வாசிச்சீங்கதானே?" என்று கேட்டாள். "ஓம் மகள், ஏழையும் வாசிச்சம்" என்றார் ராத்தா, பெருமையாக.

ராத்தாதான் முதலில் போனார். வெளியே வந்து எல்லோருக்கும் செய்தி வாசித்தார். "ரொட்டி தட்டுற மாதிரித்தான். கொஞ்சம் நோகும். பல்லுக் கடிக்கிற நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்." இரண்டாவது மூலை வீட்டு மாமி. மூன்றாவது நான். உண்மையாகவே பல்லைக் கடிக்கிற நேரம்தான். மூன்று வருடம் இதற்கா பயந்தேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் நான்காவது ஆளைக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை கணினித் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், திரும்பத் திரையைப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்க, டொக்டரக் கூட்டிட்டு வாறன்" என்று போய்விட்டாள். கதவு திறந்திருந்தது. திரையில் என் படம். ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். மிஸ்ஸி சொன்ன அதே சுண்ணாம்புப் பொட்டு.

சாச்சியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால். யா அல்லாஹ், என் பிள்ளைகள் என்று வாய்விட்டுச் சொன்னேன். மாமி சாகிற நேரத்தில் சொல்கிற கலிமாவையே சொல்லத் தொடங்கிவிட்டார். ராத்தா மட்டும் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறு, பொறு. இவட படத்த என்ட படத்துக்குப் பக்கத்தில வெச்சா எப்பிடி இரிக்கும்?" என்று உள்ளே வந்த டொக்டரிடமே கேட்டார்.

டொக்டர் அம்மாவுக்கு அது பிடித்திருக்க வேண்டும். மூன்று படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். மூன்றிலும் ஒரே இடம், அக்குள் பக்கம். ஒரே மாதிரித் தூவல்.

ராத்தா இடுப்பில் கை வைத்தார். "நோய் இப்பிடி மூணு பேருக்கும் ஒரே இடத்தில ஒரே அளவாப் பங்கு வெச்சி வருமா டொக்டர்? வராதே. அப்ப நாங்க மூணு பேரும் ஒண்டா என்னமோ செஞ்சிரிக்கம்."

டொக்டர் எங்கள் பக்கம் மூக்கை நீட்டி மணந்து பார்த்தார். பிறகு துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். கொட்டை எழுத்தில் இருந்தது: பவுடர், வாசனைத் திரவியம், களிம்பு பூசிக்கொண்டு வர வேண்டாம், படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும்.

ஆறு தலையும் ராத்தாவின் பக்கம் திரும்பியது. ராத்தா மெதுவாகக் கைப்பையைத் திறந்து, மீதி அரை டின் பவுடரை எடுத்து, டொக்டரின் மேசையில் சரணடைவது போல வைத்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியாது. டொக்டர் கதிரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். மாமி கலிமாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, "என்ட உசிர எடுக்கப் பாத்தாயே" என்று ராத்தாவின் முதுகில் இரண்டு போட்டார். குழாயடியில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஏழு பேரும் கழுவினோம். ஒருத்தி கழுவ ஒருத்தி சிரிக்க, தாதிமார் எட்டிப் பார்க்க, ஆஸ்பத்திரி என்பதே மறந்துவிட்டது. அந்தப் பிள்ளை மட்டும், ராத்தா மன்னிப்புக் கேட்கக் கேட்க, "இனி எந்தக் கடதாசியையும் திருப்பிப் பாருங்க உம்மா" என்று ஏசிக்கொண்டே மறுபடி படம் எடுத்தாள்.

பொட்டுகள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. எனக்கு உள்தசை நெருக்கம் என்று ஸ்கேனும் செய்தார்கள். ஒரு சின்ன நீர்க்கட்டி மட்டும், அதனால் ஒன்றுமில்லை. ராத்தா விடவில்லை. பவுடரோடு எடுத்த தன் படத்தையும் கழுவிய பிறகு எடுத்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

போகும்போது டொக்டர் என்னிடம் சொன்னார், "இந்தப் படத்தைத் தொலைக்காதீங்க. அடுத்த முறை வரும்போது கொண்டு வாங்க. புதுப் படத்தைப் பழையதோட ஒப்பிட்டுத்தான் நாங்க பார்க்கிற."

ராத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெருநாள் பிறை கண்டது போல. வானுக்குள் ஏறியும் அதையேதான் சொன்னார். "பாத்தீங்களா? டொக்டரும் என்னப் போலதான்! இவ்வளவு காலமும் என்னப் பைத்தியம் எண்டீங்களே!" திரும்புகிற வழியில் வாவிக் கரையில் பாய் விரித்துப் புரியாணி சாப்பிடும்போதும், இரண்டு கடைப் பார்சலில் எது நல்லம் என்று ஒப்பிட்டுக்கொண்டே அதையேதான் சொன்னார். என் பட உறையை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டார். நான் தொலைத்துவிடுவேனாம்.

அடுத்த முறை படம் எடுத்தபோதும் அவர்தான் உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் பழைய மாதிரியே இருந்தது. அதற்கு அடுத்த முறைக்கு ராத்தா இல்லை. இருதய வருத்தம், இரண்டு நாளில் முடிந்தது. எதையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் கடைசி மகள் அந்த உறையைக் கொண்டுவந்து தந்தாள். நான் திறந்துகூடப் பார்க்காமல் அலுமாரிக்கு மேல் வைத்தேன். பார்த்தால் அழுகை வரும் என்று.

அடுத்த படம் எடுக்கத் தவணை வந்தபோது உறையோடு தனியாகப் போனேன். பவுடர் இல்லை, அத்தர் இல்லை. அதே டொக்டர் அம்மா. படத்தைக் கனநேரம் பார்த்தார்.

"ஒரு மூலையில நாலைந்து பொட்டு இருக்கு. பவுடர் ஏதும்?"

"இல்ல டொக்டர். கழுவிட்டுத்தான் வந்தன்."

"பழைய படம்?"

உறையை நீட்டினேன். டொக்டர் வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் எதையோ வாசித்துவிட்டு எனக்குக் காட்டினார். நீலப் பேனையால், ராத்தாவின் கோணல் எழுத்து:

"டொக்டருக்கு. இது பழசு. புதுசப் பக்கத்தில வெச்சிப் பாருங்க. இவ அவசரக்காரி, ஒண்டுமில்ல எண்டு ஓடப் பாப்பா. விட வேணாம்."

பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்தில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. "பழைய படம் இல்லாட்டி இது எப்பவோ இருந்த பொட்டு எண்டு நினைச்சு, ஆறு மாசம் பொறுத்துப் பாப்பம் எண்டிருப்பன்" என்றார். ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். சாச்சிக்கு வந்த அதேதான். ஆனால் இன்னும் எங்கும் பரவாத, கைக்கே தட்டுப்படாத ஆரம்பம். வெட்டி எடுத்தார்கள், சிகிச்சையும் செய்தார்கள். மார்பும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். சாச்சியின் வயதைத் தாண்டிவிட்டேன்.

டொக்டர் உறையைத் திருப்பிக் காட்டிய அன்று அந்த அறையில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். சோதனை முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே அழ வேண்டாம் என்று டொக்டர் முதுகைத் தடவினார். நான் பொட்டுக்கு அழவில்லை. அந்தக் கோணல் எழுத்துக்குத்தான் அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போனேன். தோணி அப்போதுதான் வந்திருந்தது. என் பையைப் பார்த்த மீன்காரர் முதலில் நம்பாமல் கண்ணைக் கசக்கினார். பிறகு தலையில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே! அவ போயிட்டா, இனிக் கொஞ்சம் ஆறுதலா யாவாரம் செய்யலாம் எண்டு இரிந்தன். நீங்களுமா?"

"ஓம் தம்பி" என்று என் விளைமீனை வெளியே எடுத்தேன். "கொஞ்சம் தள்ளுங்க. பக்கத்தில வெச்சிப் பாப்பம்."